எட்டு அங்குல நன்றி

நன்றி சொல்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். சொல்லாதவர்களை இன்னும் நன்றாகத் தெரியும், பெயர் முகவரியோடு. இந்த இரண்டிலும் சேராத ஓர் இனம் உண்டு. நன்றியைச் செய்கிறவர்கள். கத்தரிக்கோல், பசை, வண்ணக் காகிதம், மேசை விளக்கு, மூக்கு நுனியில் ஒரு கண்ணாடி. இவர்களுக்கு நீங்கள் ஓர் உதவி செய்து பாருங்கள். வாய் திறக்காது. பதினைந்து நாள் கழித்துத் தபாலில் ஒரு வண்ணத்துப்பூச்சி வரும்.

அந்த வண்ணத்துப்பூச்சியை லேசாக எண்ணிவிடாதீர்கள். நெல்மணி நீளம்கூட அகலமில்லாத காகித நாடாவை நுனி பிளந்த ஊசியில் மாட்டிச் சுருட்டி, சுருளைக் கொஞ்சம் தளரவிட்டு, ஒரு முனையைக் கிள்ளினால் துளியாகவும் இரு முனையையும் கிள்ளினால் கண்ணாகவும் ஆக்கி, பல்குத்தும் குச்சியால் பசை தொட்டு, அப்படி நாற்பது சுருள்களை ஒட்டினால் ஓர் இறக்கை. மறு இறக்கைக்கு இன்னொரு நாற்பது. இரண்டும் ஒரே அளவில் வரவில்லையென்றால் பிரித்து மறுபடியும். குவில்லிங் என்று பெயர். கழுத்து வலிக்கும். இவ்வளவும் எதற்கு? ஒரே ஒரு சொல்லைச் சொல்லாமல் தப்பிப்பதற்கு.

நம் இனத்தின் உழைப்பு அப்படிப்பட்டது. ‘நம்’ என்று வந்துவிட்டது. போகட்டும்.

இந்த இனம் எங்கும் முளைக்கும். ஆனால் செழித்து வளர அதற்குக் குளிர் வேண்டும், நீண்ட பனிக்காலம் வேண்டும், வாயைத் திறந்தால் வீட்டுச் சூடு வெளியே போய்விடும் என்று நினைக்கிற மனிதர்கள் வேண்டும். அமெரிக்காவின் வடகோடியில் உள்ள மினசோட்டா இதற்கு மிகப் பொருத்தம். அங்கே ஒருவர் ‘மோசமில்லை’ என்றால் பரவசத்தில் இருக்கிறார் என்று பொருள். கடைசித் துண்டு கேக்கை யாரும் எடுக்க மாட்டார்கள். பாதியாக வெட்டுவார்கள், பிறகு பாதியைப் பாதியாக வெட்டுவார்கள், இறுதியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துண்டு மூன்று நாள் தட்டில் கிடக்கும். அந்த மண்ணில் விளைந்தவள்தான் ஆர்லிஸ் டாலஃப்ஸன். அறுபத்தொரு வயது. பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவன் டுவேன். நிலவறையில் ஒரு மேசை. மேசைமேல் ஆரஞ்சு நிறத்தில் மட்டும் பதினொரு வகைக் காகிதம்.

புதன்கிழமைதோறும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் அவளுடைய குழு கூடும். ஏழெட்டுப் பெண்கள், ஒரு காபிக் கெண்டி, நடுவில் காகிதக் குவியல். அங்கே ஒரு சடங்கு உண்டு. செய்து முடித்ததை முதலில் அவரவரே இகழ வேண்டும்.

“என்னது இது, கோணலா வந்திருக்கு.”

“கோணலா? என்னோடதைப் பாரு. லாரி ஏறின வாத்து மாதிரி இருக்கு.”

“உன் வாத்தாவது வாத்து. எங்க வீட்டுக்காரர் என் வாத்தைப் பார்த்துட்டு, படகு நல்லா இருக்குன்னாரு.”

இப்படி ஒரு மணி நேரம். யாருடையது மிக மோசம் என்பதில் அவ்வளவு கடும் போட்டி. வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொருத்திக்கும் தன்னுடையதுதான் சிறந்தது என்று உள்ளூரத் தெரியும். ஆர்லிஸுக்குச் சந்தேகமே இல்லை.

இனி பிப்ரவரியில் நடந்தது. தபால் பெட்டி வரை நடந்துபோன ஆர்லிஸ், உறைந்த பாதையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. சமையலை டுவேன் பார்த்துக்கொண்டான், அதாவது டப்பாக்களைத் திறந்தான். தலைமுடிதான் சிக்கல். முதல் வாரம் அவனே அலசிவிட்டான், பாத்திரம் கழுவும் சோப்பால்.

“எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும்னு போட்டிருக்கு,” என்றான், நியாயமாக.

மூக்கில் தண்ணீர் ஏறி அவள் அரை மணி நேரம் இருமினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டுவேனின் அக்கா லவோன் வந்து நின்றாள். யாரும் கூப்பிடவில்லை. கணவன் இறந்தபின் தனியாக இருப்பவள். பதினான்கு மைல் தள்ளி வீடு. பனிச்சாலையில் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள், கையில் ஒரு ஷாம்பூ புட்டியும் இரண்டு துண்டும். சமையலறைத் தொட்டியோரம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, “உக்காரு,” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. செவ்வாயும் வெள்ளியும், மீதி ஐந்து வாரமும். ஒவ்வொரு முறையும் தண்ணீரை முதலில் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பாள். பிறகு விரல் நுனிகளால் மண்டையை மெல்ல அழுத்தித் தேய்ப்பாள், அவசரமே இல்லாமல், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க. ஒரு வெள்ளிக்கிழமை, நுரை கண்ணில் வழியாதபடி ஆர்லிஸின் நெற்றியில் உள்ளங்கையை அணைபோல் வைத்துக்கொண்டாள். ஆர்லிஸுக்கு அழுகை வந்துவிட்டது. முகமெல்லாம் தண்ணீர். யாருக்கும் தெரியவில்லை. தெரியாமல் போனதில் அவளுக்கு எவ்வளவு நிம்மதி.

இந்த லவோனைத்தான் ஆர்லிஸ் முப்பத்தாறு வருஷமாகக் கேலி செய்து வந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காரணம் ஹாட்டிஷ். பச்சை பீன்ஸை டப்பா காளான் சூப்பில் குழைத்து, மேலே பாக்கெட் வறுத்த வெங்காயத்தைக் கொட்டி, ஓவனில் வைத்து எடுப்பது. நவம்பர் கடைசியில் குடும்பம் கூடி வான்கோழி விருந்து உண்ணும் நன்றி நாள் வந்தால் லவோன் அதைத்தான் கொண்டு வருவாள், அடியில் ‘லவோன்’ என்று எழுதி ஒட்டிய கண்ணாடிப் பாத்திரத்தில். ஆர்லிஸ் ஒரு கரண்டி போட்டுக்கொண்டு, உருளைக்கிழங்கு மசியலுக்கு அடியில் புதைத்துவிடுவாள். எல்லாரும் போனபிறகு டுவேனிடம், “அது பதார்த்தமா, சுவருக்குப் பூசறதா?” என்பாள். ஆண்டுதோறும் அதே வாக்கியம். டுவேன் ஆண்டுதோறும் சிரிப்பான்.

அந்தப் பாத்திரத்தைப் பற்றி இன்னொன்று. அந்த ஊரில் வந்த இடத்தில் பாத்திரத்தை விட்டுப் போனால், எடுக்க மறுபடி வருவேன் என்று அர்த்தம். லவோன் ஒரு தடவையும் விட்டுப் போனதில்லை. கடைசிக் கரண்டி காலியானதும் கழுவித் துடைத்து, கோட்டு மாட்டும்போதே அது அவள் கக்கத்தில் இருக்கும்.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று ஆர்லிஸ் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தாள். லவோன் வாசலில் நின்று கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்ப கை சரியாயிடுச்சு.”

“சரியாயிடுச்சு.”

“நல்லது.”

“ரோடு எப்படி இருந்துச்சு?”

“மோசமில்லே.”

“பார்த்துப் போ. மான் குறுக்கே வரும்.”

கார் திரும்பியதும் ஆர்லிஸ் தனக்காகத் தானே வாதாடினாள். மானைப் பற்றி எச்சரித்தாயிற்று. இதற்கு மேல் அன்பை எப்படிக் காட்டுவது? இருந்தும் நெஞ்சில் ஏதோ உறுத்தியது. கைக்குப் பயிற்சி என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். ஊசியை எடுத்தாள்.

மார்ச்சில் ஒரு டாஃபடில் மலர் போயிற்று. ஏப்ரலில் வண்ணத்துப்பூச்சி. பிறகு ஒரு குருவி, ஒரு சூரியகாந்தி, புத்தகத்தில் வைக்கும் அடையாள அட்டை ஒன்று, இதய வடிவம் ஒன்று, அக்டோபர் தொடக்கத்தில் ஒரு பூசணிக்காய். ஒவ்வொன்றையும் தபாலில் சேர்க்கும்போது ஆர்லிஸுக்குத் தான் மனம்விட்டுப் பேசிவிட்டது போல ஒரு களைப்பு வரும். உறையில் பெயரைத் தவிர ஓர் எழுத்து இருக்காது.

அக்டோபர் கடைசியில் டுவேன் அக்கா வீட்டுக் கூரையில் இலைகளை வாரிக்கொட்டிவிட்டு வந்தான். வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். இரண்டாவது பூட்ஸ் வழக்கத்தைவிட நேரம் எடுத்தது.

“லவோன் ஒண்ணு சொல்லச் சொன்னா.”

“என்ன?”

“நான் சொல்லலே. அவ சொன்னது.”

“சொல்லித் தொலை, டுவேன்.”

“‘உன் பொண்டாட்டி எனக்கு ஏழு காகிதப் பொம்மை அனுப்பியிருக்கா. ஃப்ரிட்ஜைத் திறந்தா ஒண்ணு கீழ விழுது. ஒரு வார்த்தை வரலே’ன்னா.”

ஆர்லிஸ் துடைத்த மேசையை மறுபடி துடைத்தாள்.

“நன்றி நாளுக்கு வருவாளாம். உன் வாயிலேருந்து ஏதாவது வந்தா சரியாம். இல்லேன்னா இதுதான் கடைசின்னா. அரிசோனாவுக்கு மகன்கிட்டயே போயிடறாளாம். வீடு விக்கிற ஆள்கிட்ட பேசிட்டா.”

“கோவமா சொன்னாளா?”

“இல்லே. ஆப்பிள் பை வெட்டிக்கிட்டே சொன்னா. எனக்கு ஒரு துண்டு குடுத்தா.”

அதுதான் பயமாக இருந்தது.

“ஒரு போன் பண்ணிச் சொல்லிடேன். ஒரு வார்த்தைதானே,” என்றான் டுவேன்.

“இதெல்லாம் போன்ல சொல்ற விஷயமா?”

“அப்ப நேர்ல போய்ச் சொல்லு.”

“அதுக்குன்னு நேர்ல போய் நின்னா, என்னமோ ஏதோன்னு பயந்துடுவா.”

டுவேன் முப்பத்தாறு வருஷக் கணவன். எழுந்து குளிக்கப் போனான்.

ஆர்லிஸ் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நான்கு வருஷத்துக்கு முன் பனிப்புயலில் சாலை அடைபட்டு லவோன் வராத நன்றி நாள் நினைவுக்கு வந்தது. நாற்காலி காலியாக இருந்தது. பீன்ஸ் இல்லை. எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டு, இருபது நிமிஷத்தில் பேச்சு தீர்ந்து, தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனபிறகு டுவேனிடம் கேலி செய்வதற்குக்கூட ஒன்றுமில்லை. இனி எல்லா வருஷமும் அப்படித்தான் என்று நினைத்துப் பார்த்தாள். இனி கை முறிந்தால் பாத்திர சோப்புதான் என்றும் நினைத்துப் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டியது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். இந்த முறை தட்டாமல் தயங்காமல் சொல்லிவிடுவது.

மறுநாள் காலை காகிதம் வாங்கப் போனாள்.

இதில் உங்களுக்கு ஆச்சரியம் இருந்தால் நீங்கள் நம் இனமில்லை. மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள்.

அந்தப் புதன்கிழமை குழுவில் வழி பிறந்தது. குழுத் தலைவி ரோமெய்ன், விருந்து மேசையில் ஒவ்வொரு தட்டருகிலும் வைக்கப் பெயர் அட்டை செய்யச் சொன்னாள். அட்டையில் ஒரு வான்கோழி, விசிறியாக விரித்த ஒன்பது இறகு.

“நடு இறகு இருக்கே, அதுக்கான நாடாவுல அவங்களுக்கு நன்றியை எழுதிடுங்க. எழுத்து உள்பக்கமா இருக்கற மாதிரி சுருட்டி ஒட்டிடுங்க. வெளியே தெரியாது. ஆனா உள்ளே இருக்கும்.”

“தெரியாதுன்னா அவங்க எப்படிப் படிப்பாங்க?” என்று கேட்டாள் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி.

எல்லாரும் அவளை இரக்கத்துடன் பார்த்தார்கள்.

ஆர்லிஸுக்கு உடம்பு சிலிர்த்தது. நன்றியைத் தெரிவித்ததாகவும் ஆகும், ஒருவர் காதிலும் விழாது. இவ்வளவு பொருத்தமான ஏற்பாட்டை மனிதகுலம் ஏன் இத்தனை நாள் கண்டுபிடிக்கவில்லை?

விருந்துக்கு ஐந்து பேர். மகள் கிர்ஸ்டன், அவள் கணவன் கர்ட், டுவேன், லவோன், ஆர்லிஸ். மூன்று வாரம் வேலை நடந்தது. இறகுகள் ஒரே அளவில் வர வேண்டுமானால் நாடாக்கள் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். இறகுக்கு எட்டு அங்குலம். மற்ற மூவருக்கும் எழுதியது பன்னிரண்டு, பதினைந்து அங்குலம் போயிற்று. லவோனுக்கு எழுத உட்கார்ந்தவள் ஒரு நாடா முடிந்து இன்னொன்றை ஒட்டி, அதுவும் முடிந்து இன்னொன்றை ஒட்டி, மணிக்கட்டும் தண்ணீரும் நெற்றியில் வைத்த உள்ளங்கையும் எல்லாம் எழுதி, அவ்வளவு பொடி எழுத்தில் எழுதியும், நிமிர்ந்து பார்த்தபோது நாற்பத்துநாலு அங்குலம். சுருட்டினாள். சக்கரம் போல வந்தது. அதை நடுவில் பொருத்திய வான்கோழி ஒரு கணம் நின்றது. பிறகு முகம் குப்புற விழுந்தது.

மூன்று முறை நிறுத்திப் பார்த்தாள். மூன்று முறையும் விழுந்தது.

என்ன செய்வது? நன்றி பெரிதா, சமச்சீர் பெரிதா? நீங்கள் தயங்குவீர்கள். நம் இனம் தயங்காது. ஆர்லிஸ் கத்தரிக்கோலை எடுத்து எட்டு அங்குலத்தில் வெட்டினாள். மற்ற மூன்றையும் அப்படியே. இறகுகள் ஒரே அச்சில் வந்தன. வெட்டிய மிச்சங்கள் காலணிப் பெட்டிக்குள் போயின, பத்து வருஷத்து மிச்சங்களோடு. காகிதத்தை எறிவது என்பது நம்மால் ஆகாத காரியம்.

நன்றி நாள் வந்தது. மதியம் ஒரு மணிக்கு வெளியே சாம்பல் வெளிச்சம், உள்ளே வான்கோழி வாசனை. லவோன் பாத்திரத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். மேசையில் ஒவ்வொரு தட்டருகிலும் ஒரு பறவை நின்றது, மார்பை நிமிர்த்தி, ஒன்பது இறகையும் விரித்து.

“அம்மா, இதை நீயா பண்ணே? கடையில வாங்கின மாதிரி இருக்கு,” என்றாள் கிர்ஸ்டன்.

“கோணல்,” என்றாள் ஆர்லிஸ், வழக்கப்படி.

லவோன் தன் பறவையை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தாள். அடியிலும் பார்த்தாள். பெயரைத் தவிர ஒன்றும் எழுதியிருக்கவில்லை. “எட்டாவது,” என்று மட்டும் சொல்லிக் கீழே வைத்தாள்.

சாப்பிடுமுன் மேசையைச் சுற்றி வரிசையாகச் சொல்வது அந்த வீட்டுப் பழக்கம். ஒவ்வொருவரும் ஒன்றுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒருவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் இதைச் செய்து முடிப்பதில் அந்தக் குடும்பம் தேர்ந்தது.

“பனி இன்னும் பெருசா விழலே. அதுக்கு,” என்றான் டுவேன்.

“வேலை போகலே. அதுக்கு,” என்றாள் கிர்ஸ்டன்.

“என் வண்டி குளிர்ல முதல் திருப்புலயே கிளம்புது,” என்றான் கர்ட்.

ஆர்லிஸின் முறை வந்தது. லவோன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். ஆர்லிஸ் வாயைத் திறந்தாள். நாற்பத்துநாலு அங்குலமும் தொண்டை வரை வந்து நின்றது.

“எல்லாரும்... ஆரோக்கியமா இருக்கோம். வான்கோழி காஞ்சு போகலே. அதுக்கு.”

லவோன் தலையாட்டினாள். ஆமாம், இது எதிர்பார்த்ததுதான் என்பது போல.

“எனக்கு ரெண்டு கையும் நல்லா இருக்கு,” என்றாள். “யாருக்காவது தலை அலசணும்னா இன்னும் முடியும். அதுக்கு.”

கிர்ஸ்டன் மடித்த கைத்துண்டை மறுபடி மடித்தாள்.

“உருளைக்கிழங்கை இப்படித் தள்ளுங்க,” என்றான் டுவேன்.

உணவு சுற்றிவந்தது. கர்ட் நல்லவன், ஆனால் கை சும்மா இருக்காது. தட்டு வரும் வரை பறவையின் நடு இறகை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். பசை விட்டது. சுருள் மெல்ல அவிழ்ந்தது.

“ஐயோ, பிச்சுட்டேன். மன்னிச்சுடுங்க... இதுல என்னமோ எழுதியிருக்கே.” வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். “‘கர்ட், என் மகளுக்கு வாய்த்த நீ அவ்வளவு.’ அவ்வளவுதான். முடிஞ்சுடுச்சு.”

“அவ்வளவு என்ன?” என்றாள் கிர்ஸ்டன்.

“தெரியலே. அவ்வளவு சுமார்தான்னு நினைக்கிறேன்.”

“பிரிக்காதீங்க,” என்றாள் ஆர்லிஸ். அதற்குள் கிர்ஸ்டன் தன்னுடையதைப் பிய்த்துவிட்டாள். மூன்று வார வேலை.

“‘கிர்ஸ்டன், நீ பிறந்த நாளிலிருந்து எனக்கு ஒரு நாளும்.’ ஒரு நாளும் என்னம்மா? தூக்கமில்லையா?”

“அது... அப்புறம் இருக்கு.”

டுவேன் சமையல் கத்தியின் முனையால் பொறுமையாகத் தன் இறகைத் திறந்தான். “‘டுவேன், முப்பத்தாறு வருஷமாக நீ குறட்டை.’” அவன் மேசையைச் சுற்றிப் பார்த்தான். “இது மட்டும் முழுசா இருக்கு.”

கர்ட் சிரித்துத் தண்ணீரைச் சிந்தினான். ஆர்லிஸின் காது மடல்கள் சுட்டன. சிரிப்பு அடங்கியபோது எல்லாரும் லவோன் பக்கம் திரும்பினார்கள். அவள் இன்னும் தொடவில்லை. பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இறகைப் பிய்க்காமல், பசை போட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, நகத்தால் நெம்பி, மெதுவாக நீட்டினாள்.

“‘லவோன், பிப்ரவரியில் நீ என் தலையை.’”

“போலீஸ்ல எழுதிக் குடுக்கற மாதிரி இருக்கு,” என்றான் கர்ட்.

லவோன் சிரிக்கவில்லை. “மீதி எங்கே?”

“வெட்டிட்டேன்,” என்றாள் ஆர்லிஸ். “இறகு பெருசாப் போச்சு. பறவை நிக்கலே.”

“எவ்வளவு வெட்டினே?”

“முப்பத்தாறு அங்குலம்.”

லவோன் அந்த நாடாவைத் தட்டோரம் வைத்தாள். முகத்தில் கோபமில்லை. அதைவிட மோசம், பயண ஏற்பாடுகளை யோசிக்கிற முகம்.

இப்போது ஆர்லிஸ் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வாக்கியம் பாதியில் நிற்கிறது. எழுதியவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எழுதியது ஒவ்வொரு எழுத்தும் அவளுக்கு மனப்பாடம். வாயைத் திறந்தால் போதும்.

ஆர்லிஸ் எழுந்தாள். “கீழே பெட்டியில இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன்.”

“கறி ஆறுது,” என்றான் டுவேன்.

“ரெண்டு நிமிஷம்.”

நிலவறையில் அவள் காலணிப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தாள். பத்து வருஷத்து மிச்சம். ஆரஞ்சு மட்டுமே ஒரு கூடை தேறும். முழங்காலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். மேலே கரண்டிகளின் சத்தம் நின்றுவிட்டது. பிறகு படியில் கனமான காலடி. லவோன்.

“கிடைச்சுதா?”

“இங்கதான் எங்கயோ இருக்கு.”

“நீதானே எழுதினே.”

“ஆமா.”

“என்ன எழுதினேன்னு தெரியாதா?”

“நீளமா இருந்துச்சு. நாலஞ்சு நாடா ஒட்டினேன்.”

“ஆர்லிஸ்.”

ஆர்லிஸ் தேடுவதை நிறுத்தினாள். முழங்கால் வலித்தது. நிமிரவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“முதல்ல உன் கையில தண்ணி விட்டுப் பார்ப்பே.”

“பார்க்கணும்ல. சூடு தெரியாம எப்படி.”

“டுவேன் பார்க்கலே.”

“அவன் சின்ன வயசுல எங்க நாயைக் குளிப்பாட்டினதை நான் பார்த்திருக்கேன்.”

காகிதங்கள் காலடியில் சரசரத்தன.

“கண்ணுல நுரை போகாம கையை வெச்சே. அந்த மாதிரி எனக்கு யாரும் செஞ்சதில்லே.” அவள் ஒரு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்து, தன் விரல்களைப் பார்த்துவிட்டு, கீழே போட்டாள். “நன்றி.”

சின்னச் சத்தம்தான். தும்மல்கூட அதைவிடப் பெரிது.

லவோன் ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.

“கேட்டுச்சுல்ல?” என்றாள் ஆர்லிஸ்.

“கேட்டுச்சு. இன்னொரு தடவை சொல்லுவியான்னு பார்த்தேன்.”

“மாட்டேன்.”

“சரி.” லவோன் கையை நீட்டினாள். ஆர்லிஸ் பிடித்து எழுந்தாள். முறிந்து கூடிய கைதான். லவோன் அதைப் பார்த்துப் பிடித்தாள். “ஹாட்டிஷ் போட்டுக்கிட்டியா?”

“போட்டுக்கிட்டேன்.”

“உருளைக்கிழங்குக்கு அடியில. முப்பத்தாறு வருஷமாப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

மேலே போனார்கள். அன்று ஆர்லிஸ் அந்த பீன்ஸை மேலே எடுத்து வைத்து, எல்லார் கண்ணெதிரிலும் சாப்பிட்டாள். சுவர்ப்பூச்சு போலத்தான் இருந்தது. மனிதர்களுக்கு ஞானம் வரலாம்; நாக்குக்கு வராது. பிறகு இனிப்புக்கு ஆப்பிள் பை வந்தது. கடைசித் துண்டு பாதியானது, பாதியில் பாதியானது.

நாலு மணிக்கு லவோன் கோட்டை மாட்டிக்கொண்டாள். வால் அவிழ்ந்த வான்கோழியைக் கைப்பையில் பத்திரமாக வைத்தாள். எட்டு அங்குல நாடாவையும் மடித்து வைத்தாள். வெளியே போய்க் காரைக் கிளப்பினாள். அப்போதுதான் ஆர்லிஸ் பார்த்தாள்: கழுவித் துடைத்த கண்ணாடிப் பாத்திரம் அடுப்பருகில் கவிழ்ந்து கிடந்தது, அடியில் ஒட்டிய பெயர் மேலாக.

அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுச் செருப்போடு பனியில் ஓடினாள்.

“லவோன், பாத்திரம்.”

லவோன் கார் ஜன்னல் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கினாள்.

“அது இருக்கட்டும்.”

ஆர்லிஸ் பாத்திரத்தை மார்போடு அணைத்தபடி நின்றாள். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது.

“பார்த்துப் போ,” என்றாள். “மான் வரும்.”

“வரும்,” என்றாள் லவோன். கார் திரும்பிப் போயிற்று.

ஆர்லிஸ் உள்ளே வந்து பாத்திரத்தைத் தன் அலமாரியில், முன்வரிசையில் வைத்தாள். நெஞ்சு நிறைந்து தளும்பியது. பாத்திரத்தை விட்டுப் போனாளே, அதற்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டாமா? நன்றி கெட்டவள் ஆகிவிடக் கூடாதல்லவா? நிலவறைக்குப் போனாள். விளக்கைப் போட்டாள். பச்சை நாடா ஒன்றை எடுத்து ஊசியில் மாட்டினாள். பீன்ஸ் சுருட்டுவது அப்படி ஒன்றும் கடினமில்லை. வறுத்த வெங்காயம்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். கத்தரிக்கோலையே தொடாதவர் நீங்கள். உங்களுக்கும் ஆர்லிஸுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. கைபேசியில் கூப்பிய கைகள் அனுப்புவீர்கள், மூன்று ஜோடியாக. ஒருவேளை ஒரு பெட்டி இனிப்பு வாங்கிப் போய், அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு வருவீர்கள். அவ்வளவுதான். இது வேறு இனம்.

இருக்கட்டும். ஒரே ஒரு சோதனை. இதைப் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கோ ஒருவர் முகம் வந்து போயிருக்கும். வந்ததா? அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், இந்தப் பக்கத்தை மட்டும் அழகாக வெட்டி அனுப்பிவைத்தால் போதும், அவருக்கே புரிந்துவிடும் என்று இப்போது தோன்றுகிறதல்லவா?

அதுதான் அறிகுறி.